ஓடாத காரும் உறங்காத பற்றறியும்

விஜயதசமி தினத்தன்று இலண்டனிலுள்ள சைவக் கோவில்களின் வாசலிலே கார்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். பொனற்றின் மேல் சந்தனப் பொட்டு, கண்ணாடியின் முன்னே ஒரு சிறு பூமாலை, சில்லுகளின் கீழே தேசிக்காய். தொழிலுக்கும் பயணத்துக்கும் உதவுகின்ற கருவியை ஆண்டுக்கு ஒரு தடவையாவது வணங்குவது நம்மவர் மரபு. ஆயினும், பொட்டு வைத்த அந்தப் பொனற்றைத் திறந்து உள்ளே என்ன நிலைமை என்று பார்க்கும் வழக்கம் நம்மவருள் மிகச் சிலரிடமே உண்டு. அதிலும் வாரத்தில் ஒரு நாள், மாதத்தில் இரு நாள் மாத்திரம் ஓடுகின்ற கார்களின் பற்றறி, அது உயிர்விடும் நாள்வரை எவருடைய நினைவுக்கும் வருவதில்லை.

வட இலண்டனில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வயது 76. பிள்ளைகள் வேறு நகரங்களில் இருக்கிறார்கள். வீட்டில் அவரும் மனைவியும் மாத்திரமே. காரின் வயது 11. அதிலுள்ள பற்றறிக்கு வயது ஆறுக்கு மேல். வெள்ளிக்கிழமைகளிற் கோவிலுக்கும், இடையிடையே இரண்டு மைல் தூரத்திலுள்ள கடைக்கும் போய்வருவதுதான் அந்தக் காரின் முழு வேலை. மழையும் குளிரும் கூடிய மார்கழியில் அதுவும் இல்லை. மூன்று வாரமாகக் கார் வீட்டு வாசலிலே பனி மூடி நின்றது.

தை மாதத்து இரவொன்றில், நேரம் இரண்டு மணி இருக்கும். "இஞ்சருங்கோ, நெஞ்சுக்குள்ளை ஏதோ இறுக்குது. இடக்கையும் விறைக்குது" என்று மனைவி எழுப்பினார். மாஸ்ரர் பதறி எழுந்து, மேற்சட்டையைப் போட்டு, மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து காரில் இருத்தித் திறப்பைத் திருப்பினார். "டிக், டிக்" என்ற ஒலி மாத்திரம் வந்தது. விளக்குகள் மங்கி அணைந்தன. மீண்டும் திருப்பினார். சற்றுப் பொறுத்து மறுபடியும் திருப்பினார். மூன்று வீடு தள்ளித் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று இருக்கிறது. "இந்த நேரத்திலை ஆற்றை கதவைப் போய்த் தட்டுறது?" என்று தயங்கினார். இருபத்தைந்து நிமிடம் இப்படியே கழிந்தபின் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். "அப்பா, காரை விடுங்கோ. உடனை 999க்கு அடியுங்கோ" என்று மகள் கத்தினாள்.

அம்புலன்ஸ் வந்தது. அம்மையாருக்கு ஏற்பட்டது மாரடைப்பு. அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து, வலைக்குழாய் பொருத்தி, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிர் தப்பியது தெய்வாதீனம். ஆனால் குருதி கிடைக்காமற் கிடந்த நிமிடங்களில் இதயத் தசையின் ஒரு பகுதி இறந்துவிட்டது. அது திரும்ப வராது. முன்பு கோவிற் படிகளை ஒரே மூச்சில் ஏறியவர் இப்போது இடையில் நின்று இளைப்பாறியே ஏறுகிறார்.

இந்தச் சம்பவத்தில் இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் சோர்வு என்றால் காரைத் தேடக் கூடாது, பற்றறி நல்ல நிலையில் இருந்தாலும் தேடக் கூடாது. 999ஐ அழைக்க வேண்டும். அம்புலன்ஸில் இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி உண்டு. வீட்டுக் காரிலே அது இல்லை. இரண்டாவது பாடம், அவசரம் இல்லாத மற்றெல்லா நாட்களிலும் முதியோரின் நடமாட்டத்துக்கு ஆதாரமாக இருக்கும் காரை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பது. இக்கட்டுரை அந்த இரண்டாவது பாடத்தைப் பற்றியது.

கைபிடியும் முறிந்த மணிக்கட்டும்

காருக்கு மின்சாரத்தால் உயிர்கொடுக்கும் வழக்கம் ஆரம்பத்தில் இருக்கவில்லை. முன்புறத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுற்றியே எஞ்சினை இயக்கினார்கள். எஞ்சின் சில வேளை பின்புறமாக உதைக்கும். கைபிடி திரும்பி வந்து மணிக்கட்டை அடிக்கும். ஆரை எலும்பின் நுனியில் ஏற்படும் ஒருவகை முறிவுக்கு இன்றும் மருத்துவ நூல்களிற் 'சாரதி முறிவு' என்ற பெயர் வழங்குவது இதனால்தான். அமெரிக்கப் பொறியியலாளரான சார்ள்ஸ் கெற்றரிங் உருவாக்கிய மின் ஸ்ராட்டர் 1912 ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களிற் பொருத்தப்பட்டது. அன்றுமுதல் மணிக்கட்டு தப்பியது. சுமை முழுவதும் பற்றறியின் தலையில் விழுந்தது.

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஓட்டியவர்கள் இந்தக் கைபிடியை மறந்திருக்க மாட்டார்கள். பற்றறி இறந்தாலும் கைபிடி இருக்கிறது, தள்ளிவிட நாலு பொடியள் இருக்கிறார்கள் என்ற தைரியம் அன்றிருந்தது. 1990களில் மின்சாரமும் பற்றறியும் அருமையாகிப்போன யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களுக்கு மின்சாரத்தின் பெறுமதியை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலண்டன் வீதியில் நிற்கும் இன்றைய காருக்குக் கைபிடியும் இல்லை. தன்னியக்கக் கியர்ப் பெட்டி உள்ள கார்களைத் தள்ளி இயக்கவும் முடியாது. கதவுப் பூட்டிலிருந்து கைத்தடை வரை எல்லாமே அந்த ஒரு பெட்டியை நம்பியிருக்கின்றன.

பெட்டிக்குள்ளே நடப்பது

ஈயமும் அமிலமும் கொண்ட இந்தச் சேமிப்புக் கலத்தை 1859 இல் முதலிற் செய்தவர் பிரான்ஸ் நாட்டவரான காஸ்ரன் பிளாந்தே. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் அடிப்படை மாறவில்லை. ஒரு கார்ப் பற்றறியில் ஆறு கலங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ற் தரும். ஆகவே நிறைவாக மின்னேற்றிய பற்றறி ஓய்வில் இருக்கும்போது 12.6 அல்லது 12.7 வோல்ற் காட்டும். நேர்த்தகட்டில் ஈயவீரொட்சைட்டும், மறைத்தகட்டில் பஞ்சுபோன்ற ஈயமும், இரண்டுக்கும் இடையே நீர் கலந்த சல்பூரிக் அமிலமும் இருக்கின்றன.

மின்சாரத்தை எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈயசல்பேற்று படிகின்றது. அமிலம் நீர்த்துப் போகின்றது. மின்னேற்றினால் படிந்தது மீண்டும் கரைந்து பழைய நிலைமைக்குத் திரும்பும். ஆனால் இதற்கு ஒரு காலக்கெடு உண்டு. ஈயசல்பேற்றை வாரக்கணக்காக, மாதக்கணக்காக அப்படியே விட்டுவைத்தால் அது கடினமான பளிங்குகளாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் முழுவதும் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி பயனற்றுப் போகும். ஓடாத கார்களின் பற்றறி காலத்துக்கு முன்னரே சாவதற்கு இதுவே தலையாய காரணம்.

நீரிழிவு நோயாளி எவ்வித வலியும் இல்லாமல் ஆண்டுக்கணக்காக நடமாடுவதையும், உள்ளே சிறு இரத்தக் குழாய்கள் மெல்ல மெல்லக் கெடுவதையும் பலர் கண்டிருப்பர். பற்றறியின் நோயும் அத்தகையதே. கோடையில் ஒரு குறிகுணமும் தெரியாது. முதற் குளிரிலே திடீரென்று விழுந்துவிட்டது என்பார்கள். திடீரென்று விழவில்லை, அது பல மாதங்களாக விழுந்துகொண்டே இருந்தது.

கார் தூங்கினாலும் பற்றறி தூங்காது

"காரை ஓட்டவே இல்லையே, பிறகு எப்படிப் பற்றறி இறங்கும்?" என்று கேட்பவர் பலர். பழைய கார்களுக்கு அக்கேள்வி ஓரளவு பொருந்தும். இன்றைய காரிலோ திருட்டு எச்சரிக்கைக் கருவி, தொலைவிலிருந்து கதவைத் திறக்கும் வாங்கி, மணிக்கூடு, கணினிகள் என்று பல கருவிகள் இரவுபகலாகச் சிறிது சிறிதாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. கார் பூட்டப்பட்டு அடங்கிய பின்னர் 50 மில்லி அம்பியருக்கு உட்பட்ட ஒழுக்கு வழமையானது என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். ஒழுக்கு 30 மில்லி அம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 அம்பியர்-மணி. ஆறு வாரத்துக்கு ஏறத்தாழ 30 அம்பியர்-மணி. நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஊருக்குப் போய், இருபத்தைந்து நாளும் நின்று கும்பிட்டு, உறவினர் வீடுகளையும் பார்த்துத் திரும்புகிறவருக்கு ஆறு வாரம் எளிதிற் கழிந்துவிடும். 60 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள புதிய பற்றறியில் அந்த ஆறு வாரத்திற் பாதி போய்விட்டது. பழைய பற்றறியின் உண்மையான கொள்ளளவு 40க்குக் குறைந்திருந்தால் மிஞ்சுவது 10. டிக்கியில் ஒரு சிறு விளக்கு அணையாமற் கிடந்தாலோ, கண்ணாடியில் ஒட்டிய கமரா ஒன்று விழித்திருந்தாலோ ஆறு வாரம் வேண்டாம். சில நாட்களே போதும்.

இதைவிட, எந்தக் கருவியும் பூட்டாமல் தனியே வைத்திருக்கும் பற்றறியும் தானாகவே மெல்ல இறங்கும். வெப்பம் கூடினால் அதன் வேகமும் கூடும்.

திறப்பைச் செருகாமலே இயங்கும் கார்களில் இன்னொரு விசேடம் உண்டு. திறப்பு காருக்கு அண்மையில் இருந்தால் கார் அதனை அடிக்கடி உணர்ந்து விழித்துக்கொள்ளும். வாசற்கதவின் அருகே கொளுவி வைப்பதை விட்டு, வீட்டின் உட்புறத்தில் வைப்பது பற்றறிக்கும் நல்லது, திருடருக்கும் தடை.

ஸ்ராட்டர் அதிகம் குடிக்கிறதா?

ஸ்ராட்டர் மோட்டார் ஒரு தடவைக்கு 200 அம்பியர் அளவு இழுக்கலாம் என்று கேட்டால் எவருக்கும் பயம் வரும். ஆனால் அது இழுப்பது இரண்டு மூன்று செக்கன்களே. கணக்கிட்டால் அம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்குதான். ஆகவே பற்றறியை வெறுமையாக்குவது ஸ்ராட்டர் அன்று. நிறுத்தி வைத்திருக்கும் நாட்களே. ஸ்ராட்டர் செய்வது பரீட்சை வைப்பது மாத்திரம். பலவீனமான பற்றறி அந்தப் பரீட்சையிலே தோற்றுவிடுகிறது.

குளிர் இந்தப் பரீட்சையை இன்னும் கடினமாக்குகிறது. வெப்பநிலை இறங்க இறங்கப் பற்றறியின் உள்ளே வேதியியல் மாற்றம் மந்தமாகிறது. அதே வேளையில் எஞ்சின் எண்ணெய் தடித்து, எஞ்சினைச் சுற்றுவதற்குக் கூடிய வலு வேண்டப்படுகிறது. வரவு குறையும்போது செலவு கூடுகிறது. பற்றறியின் மேல் குளிரில் இயக்கும் அம்பியர் என்று ஓர் எண் அச்சிட்டிருப்பதைக் காணலாம். அது பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியசில் அளந்தது. புதிதாக வாங்கும்போது இந்த எண், கார் நிறுவனம் கூறியதற்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

கனடாவிலும் நோர்வேயிலும் உள்ள உறவினர்களுக்கு இன்னுமோர் எச்சரிக்கை. நிறைவாக மின்னேற்றிய பற்றறியின் அமிலம் எந்தக் குளிரிலும் எளிதில் உறையாது. வெறுமையான பற்றறியிலோ அமிலம் ஏறக்குறைய நீராகிவிடுவதால், பூச்சியத்துக்குக் கீழ் பத்துப் பாகை அளவிலேயே உறையக்கூடும். உறைந்த பற்றறிக்கு ஒருபோதும் மின்னேற்றக் கூடாது. பெட்டி வெடித்திருக்கலாம், பொங்கியிருக்கலாம். அதனை அப்புறப்படுத்துவதே வழி.

நாடி பார்க்கும் முறை

நோய்க்கு முன் அளவை என்பது மருத்துவத்துக்கு மாத்திரம் உரிய விதியன்று. மின் அளவு காட்டும் சிறிய மல்ரிமீற்றர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இதைக் கையாள்வது கடினமே இல்லை. கார் குறைந்தது நாலு மணித்தியாலம், கூடுமானால் ஓரிரவு, ஓய்ந்து நின்றபின் பார்க்க வேண்டும். ஓட்டிவந்த உடனே பார்த்தால் அளவு பொய்யாக உயர்ந்து நிற்கும். சிவப்பு முனையை நேர்முனையிலும், கறுப்பை மறைமுனையிலும் வைத்தால்:

12.6 வோல்றுக்கு மேல்: நிறைவாக உள்ளது.
12.4: முக்காற் பங்கு. மின்னேற்றுவது நன்று.
12.2: அரைப்பங்கு. உடனே மின்னேற்ற வேண்டும்.
12.0: காற்பங்கு. ஈயசல்பேற்று இறுகத் தொடங்கும் ஆபத்து நிலை.
11.8: வெறுமை.

எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் இந்த அளவு 13.8 முதல் 14.5 வரை நிற்கும். அப்படி ஏறாவிட்டாற் குற்றம் பற்றறியில் இல்லாமல் மின்பிறப்பாக்கியில் இருக்கலாம். அளவு நன்றாக இருந்தும் கார் இயங்கத் திணறினால், வோல்ற் இருக்கிறது, வலு இல்லை என்று பொருள். கராஜில் சுமை வைத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

நாலு வழிகள்

முதலாவது வழி, காரை ஓட்டுவது. வாரத்துக்கு ஒரு தடவை, நிற்காமல் அரைமணி நேரமாவது, கூடுமானால் பெருந்தெருவில் ஓட்டினால் பற்றறி இழந்ததைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். இரண்டு மைல் தூரத்துக் கடைக்கு, முகப்பு விளக்கும் சூடாக்கியும் பின்கண்ணாடி வெப்பமும் போட்டுக்கொண்டு போய்வருவது அந்தக் கணக்கில் சேராது. குளிர்ந்த பற்றறி மின்சாரத்தை மெதுவாகவே ஏற்கும். பக்கத்துக் கோவிலைவிட்டு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சற்றுத் தூரத்துக் கோவிலுக்குப் போனாற் புண்ணியத்தோடு மின்சாரமும் சேரும்.

வாசலிலே நிறுத்தியபடி பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவது பலருடைய வழக்கம். இதனாற் பற்றறிக்குக் கிடைப்பது அற்பம். எஞ்சின் எண்ணெயில் ஈரம் சேரும். பிரித்தானியாவின் பொது வீதியில் நிறுத்தியுள்ள காரின் எஞ்சினை அவசியமின்றி ஓடவிடுவதும், ஆளில்லாமல் ஓடவிடுவதும் சட்டப்படி குற்றம். மூடிய கராஜுக்குள் ஓடவிடுவதோ உயிராபத்து. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். தலையிடி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி, நித்திரை என்றே எண்ணும்படி மரணம் வரும். கராஜின் கதவைச் சற்றுத் திறந்து வைத்தாற் போதும் என்ற எண்ணம் தவறு.

இரண்டாவது வழி, பற்றறியைப் பேணும் தன்னியக்க மின்னேற்றி. வீட்டு மின்சாரத்தில் பூட்டினால் இது பற்றறியை 14.4 வோல்ற் அளவுவரை ஏற்றி, நிறைந்ததும் தானாகவே 13.5 அளவுக்கு இறங்கிக் காவல் காக்கும். வாரக்கணக்காகப் பூட்டியபடி விடலாம். பழைய காலத்துச் சாதாரண மின்னேற்றியை அப்படி விடக்கூடாது. அது நிறுத்தத் தெரியாமல் ஏற்றி, அமிலத்தைக் கொதிக்கவைத்துத் தகடுகளைக் கெடுத்துவிடும். சமிக்ஞையில் நிற்கும்போது எஞ்சினைத் தானாக நிறுத்தும் கார்களில் ஏஜீஎம் அல்லது ஈஎஃப்பீ என்ற வகைப் பற்றறிகளே உண்டு. மின்னேற்றி அவ்வகைக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். அவற்றை மாற்றும்போதும் அதே வகையையே பூட்ட வேண்டும்; மலிவென்று சாதாரண பற்றறியைப் பூட்டினால் அது விரைவில் கெடும்.

மூன்றாவது வழி, பற்றறியின் தொடர்பைக் கழற்றி வைப்பது. மின்சார வசதி இல்லாத இடத்தில் நெடுநாள் நிறுத்தும்போது இது உதவும். முதலில் மின்னேற்றி நிறைத்துவிட்டு, கறுப்பு மறைமுனையை முதலிற் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதனைக் கடைசியாகப் பூட்ட வேண்டும். காரணம் எளிது. காரின் உடல் முழுவதும் மறைமுனையோடு இணைந்திருக்கிறது. அதை முதலிற் கழற்றிவிட்டால், பிறகு சிவப்பு முனையில் வைத்த ஸ்பனர் காரின் உடலில் முட்டினாலும் தீப்பொறி பறக்காது. திருட்டு எச்சரிக்கையும் மின்பூட்டும் அப்போது வேலைசெய்யா. வானொலிக்கு இரகசிய எண் கேட்கலாம். மின்திறப்பின் உள்ளே மறைந்திருக்கும் சிறிய உலோகத் திறப்பை எப்படி எடுப்பது என்று முன்னரே பழகிக்கொள்ள வேண்டும். பற்றறி டிக்கியில் இருக்கும் காரென்றால் டிக்கியை அடைக்குமுன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

நாலாவது வழி, சிறிய சூரியத் தகடு. மாடிவீட்டில் வாழ்ந்து வீதியிற் காரை நிறுத்துபவர்களுக்கு, நடைபாதைக்குக் குறுக்கே மின்வயர் இழுக்க முடியாது. கண்ணாடியின் கீழே வைக்கும் தகடு ஒழுக்கை ஓரளவு ஈடுசெய்யும். இலண்டனின் மார்கழிச் சூரியனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. சிகரெற் பற்றவைக்கும் துவாரத்தில் செருகுவதானால், கார் பூட்டியபின்னும் அந்தத் துவாரத்தில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கார்களில் இராது.

மின்சாரக் கார் வாங்கியவர்கள் தமக்கு இந்தக் கவலை இல்லை என்று எண்ணக் கூடாது. பெரிய பற்றறியைத் தவிர, கதவையும் கணினியையும் இயக்க ஒரு சிறிய 12 வோல்ற் பற்றறி அவற்றில் தனியே உண்டு. அது இறந்தால், பெரியது நிறைந்திருந்தாலும் கார் அசையாது. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரித்தானியா முடக்கப்பட்டு, கார்கள் வாரக்கணக்கில் வாசலிலே நின்றபோது எல்லா வகைக் கார்களின் சொந்தக்காரரும் இந்தப் பாடத்தைப் படித்தார்கள்.

தங்கமும் அமிலமும்

பற்றறிக்கு அருகே போகுமுன் மோதிரம், காப்பு, மணிக்கூடு ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். தாலிக்கொடி அணிந்த பெண்கள் குனியும்போது அது வெளியே தொங்காதபடி உடைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். ஆண்களின் சங்கிலிக்கும் இதுவே விதி. தங்கம் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். நேர்முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே ஒரு மோதிரம் அகப்பட்டால் ஓரிரு செக்கனிலேயே பழுக்கக் காய்ந்து, விரலைச் சுற்றி எலும்புவரை எரிகாயம் உண்டாக்கக்கூடும். 12 வோல்ற் உடம்பில் அடிக்காது என்பது உண்மை; சுடாது என்பது உண்மையன்று.

மின்னேற்றும்போது பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். அதன் அருகே விளக்குத் திரியோ சுருட்டோ தீப்பொறியோ இருந்தாற் பற்றறி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். காற்றோட்டமுள்ள இடமும், கண்ணை மூடிக் காக்கும் கண்ணாடியும் அவசியம். கண்ணில் அமிலம் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில், இமையைத் திறந்து பிடித்தபடி, இருபது நிமிடமாவது கழுவ வேண்டும். ஒட்டுக்கண்ணாடி அணிந்திருந்தால் கழுவும்போதே எடுத்துவிட வேண்டும். கழுவிய பின்பே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும். முதலில் வைத்தியசாலை, பிறகு தண்ணீர் என்று மாறிச் செய்தவர்கள் பார்வையை இழந்ததுண்டு.

இன்னொரு காரிலிருந்து உயிர் வாங்கும்போதும் ஒழுங்கு தவறக் கூடாது. சிவப்பு வயரை முதலில் இறந்த பற்றறியின் நேர்முனையிலும், மறு நுனியை நல்ல பற்றறியின் நேர்முனையிலும் பூட்ட வேண்டும். கறுப்பு வயரை நல்ல பற்றறியின் மறைமுனையிற் பூட்டி, அதன் மறு நுனியை இறந்த காரின் எஞ்சினில் உள்ள வெறும் உலோகத்தில், பற்றறிக்குத் தள்ளிப் பூட்ட வேண்டும். கடைசித் தொடுகையில் வரும் தீப்பொறி வாயுவுக்கு அருகே இராமற் செய்வதே நோக்கம். எழும்பியபின் எதிர்முறையிற் கழற்ற வேண்டும். இப்படி எழுப்பிய காரை ஓட்டிவிட்டு, பற்றறி குணமாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. அதற்கு முழு மின்னேற்றமும் சோதனையும் தேவை.

பற்றறிக்கு ஆயுள் பொதுவாக நாலைந்து ஆண்டு. அது கடந்தால் முதற் குளிருக்கு முன் சோதித்து மாற்றுவதே சிக்கனம். பழையதை வீட்டுக் குப்பையிற் போடக் கூடாது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. வாங்கிய கடையோ, நகரசபையின் மீள்சுழற்சி நிலையமோ ஏற்றுக்கொள்ளும்.

கடைசியாக ஒரு கேள்வி

சில வீடுகளில் கணவர் காலமாகிப் பல மாதமாகியும் அவருடைய கார் வாசலிலேயே நிற்கிறது. ஓட்டத் தெரிந்தவர் எவரும் அங்கில்லை. விற்கவும் மனம் வருவதில்லை. பிள்ளைகள் வரும்போது ஒரு தடவை இயக்கிப் பார்ப்பார்கள், அது இயங்காது. வீதியில் நிற்பதானால் அதற்கு வரியும் காப்புறுதியும் தொடர்ந்து வேண்டும். வீதியிலிருந்து விலக்கித் தனிக்காணியில் வைத்திருப்பதானால் ஓட்டுநர் உரிம நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். நினைவுக்காக வைத்திருப்பதும் ஒரு நியாயமே. ஆனால் அந்த நியாயத்துக்குக்கூடப் பற்றறியின் தொடர்பைக் கழற்றி வைப்பது நல்லது.

பார்வை மங்கியவர்கள், மருந்துகளினால் தலைசுற்றுபவர்கள், பற்றறியின் உடல்நலத்துக்கு முன் தம்முடைய உடல்நலத்தைக் கேட்க வேண்டும். பிரித்தானியாவில் 70 வயதிலும், அதன்பின் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். 20 மீற்றர் தூரத்திலுள்ள இலக்கத் தகட்டை வாசிக்க முடியாதவருக்குச் சட்டம் வண்டி ஓட்ட இடமளிப்பதில்லை. அத்தகையோரைக் கோவிலுக்கும் வைத்தியரிடமும் அழைத்துச் செல்வது அயலில் உள்ள இளைஞரின் கடமை; அதைக் கேட்பதில் முதியோருக்கு வெட்கம் வேண்டியதில்லை.

மாஸ்ரர் வீட்டிற்கு இப்போது ஒரு தன்னியக்க மின்னேற்றி வந்துவிட்டது. மருமகன் வாங்கிப் பூட்டிக்கொடுத்தார். ஞாயிறு தோறும் காலையில் மாஸ்ரர் மல்ரிமீற்றரை வைத்து அளவு பார்த்து ஒரு கொப்பியில் எழுதுகிறார். பக்கத்துப் பக்கத்திலே மனைவியின் இரத்த அழுத்தமும் எழுதப்பட்டிருக்கிறது. தொலைபேசிக்கு மேலே, சுவாமி படத்தின் கீழே, பெரிய எழுத்தில் 999 என்றும், அதன்கீழே மூன்று வீடு தள்ளியுள்ள தம்பியின் இலக்கமும் ஒட்டப்பட்டுள்ளன. அந்தத் தம்பி சம்பவத்தைக் கேள்விப்பட்டு வந்தபோது சொன்னது இதுதான்: "மாஸ்ரர், நீங்கள் ஒருக்காத் தட்டியிருக்கலாம். நான் முழிச்சுத்தான் இருந்தனான்."

வருகின்ற குளிருக்கு முன்னர், வாசலிற் கார் நிறுத்தியிருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் பொனற்றை ஒரு தடவை திறந்து பார்ப்பார்களாக. அப்படியே, அயலில் உள்ள முதியோரின் கதவையும் ஒரு தடவை தட்டிப் பார்ப்பார்களாக.